வட்டி தொடாமல் ஹஜ்ஜுக்குச் சேமிப்பது: வங்கியா, தங்கமா, சீட்டா, பங்கு நிதியா?

சென்னையிலிருந்து அரசின் ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவருக்கு இப்போது ஆளுக்கு மூன்றரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம் ரூபாய் வரை ஆகிறது. தனியார் ஹஜ் சர்வீஸ் என்றால் அதைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. கணவனும் மனைவியுமாகப் போவதென்றால் கமிட்டி வழியிலேயே எட்டு லட்சத்தை எட்டும். அதை ஒரே நாளில் எடுத்து வைக்கக்கூடிய வீட்டுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. மாதம் எட்டாயிரம் ஒதுக்க முடியும், அதற்கு மேல் முடியாது, அந்தப் பயணத்தில் வட்டிக் காசு ஒரு ரூபாய்கூடக் கலந்துவிடக் கூடாது என்று நினைக்கிற வீட்டுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மாதிரி வீட்டில் யோசனைக்குப் பஞ்சம் இருக்காது. "பவுனா வாங்கிப் போட்டு வைங்க" என்பார் உம்மா. "நம்ம தெருச் சீட்டுல ஒரு பேரு போட்டுரு மச்சான்" என்பார் மைத்துனர். துபாயில் இருக்கும் தம்பி, ஷரியா மியூச்சுவல் ஃபண்ட் பற்றி வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருப்பான். எதையும் முடிவு செய்யாததால் பணம் வங்கிச் சேமிப்புக் கணக்கில் கிடக்கும், பாதி பள்ளிக்கூட ஃபீஸுக்குப் போய்விடும். நான்கு வழிகளும் உண்மையில் எப்படி வேலை செய்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, கணக்குப் பார்க்கத் தெரிந்தவன், அவ்வளவுதான். மார்க்கச் சட்டம் வருகிற இடங்களில் பொதுவாகச் சொல்லப்படுவதை எழுதியிருக்கிறேன். கடைசி வார்த்தை உங்கள் ஊர் ஹஜ்ரத்துடையது.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி., பி.பி.எஃப்., வங்கி எஃப்.டி. மூன்றும் வட்டி ஒப்பந்தங்கள் என்பதால் இந்த ஒப்பீட்டுக்குள் வரவில்லை.

சேமிப்புக்கு முன்னால் ஒரு கேள்வி

வீட்டில் நகை அடகில் இருக்கிறதா? நகைக்கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் ஹஜ்ஜுக்கு வட்டியில்லாமல் சேர்க்கிற வீடுகள் நிறைய. வட்டி வாங்குவது மட்டும்தான் ஹராம், கொடுப்பது பரவாயில்லை என்பதுபோல் ஒரு பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. சக்தி உள்ளவர் மீதுதான் ஹஜ் கடமை என்று குர்ஆன் சொல்கிறது (3:97). கொடுக்க வேண்டிய கடன் இருக்கும்போது அந்தச் சக்தி இன்னும் வரவில்லை என்பதுதான் நடைமுறை விளக்கம். ஆகவே முதல் பத்து, பதினைந்து மாதத்து எட்டாயிரம் அடகை மீட்கப் போகட்டும். அதிராம்பட்டினம், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் பைத்துல்மால் (ஊர்ப் பொதுநிதி) இருக்கிறது. அந்த மாதிரி அமைப்பு உங்கள் ஊரிலும் இருந்து நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் தருமானால், அடகை அங்கே மாற்றிக்கொண்டு தவணையாக அடைத்துவிடலாம். மாதம் ஒரு சதவீத வட்டியை நிறுத்துவதைவிட நிச்சயமான லாபம் எந்தச் சந்தையிலும் கிடையாது.

எட்டு லட்சம் எட்டு லட்சமாகவே இருக்காது

ஹஜ் செலவில் மக்கா, மதீனா தங்குமிடம், மினா கூடாரம், பஸ், சாப்பாடு எல்லாம் ரியாலில். சவூதி ரியால் ஒரு டாலருக்கு 3.75 என்று கட்டிவைக்கப்பட்டிருப்பதால், டாலர் ஏறினால் ரியாலும் ஏறும். 2015-ல் டாலர் 64 ரூபாய் அளவில் இருந்தது, அதாவது ரியால் 17 ரூபாய். 2025 கடைசியில் டாலர் 90-ஐத் தொட்டபோது ரியால் 24 ஆகிவிட்டது. சவூதியில் ஒரு காசு விலை ஏறாமல் இருந்திருந்தாலும், நம் கையிலிருந்து போவது பத்து வருடத்தில் நாற்பது சதவீதம் கூடியிருக்கும். முன்பு விமானக் கட்டணத்தில் அரசு மானியம் என்று ஒன்று இருந்தது. பத்து வருடத்துக்குள் அதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2012-ல் உத்தரவிட்டது. 2018-லேயே முழுவதும் நின்றுவிட்டது.

வட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் கவலைப்படுவது 'எஃப்.டி. போட்டவனுக்கு எவ்வளவு வந்திருக்கும்' என்பதைப் பற்றி. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். மாதம் எட்டாயிரம், ஏழு வருடம் என்றால் நாம் போட்டது 6 லட்சத்து 72 ஆயிரம். வருடத்துக்கு ஆறரை சதவீத வட்டியில் அதுவே சுமார் எட்டரை லட்சம் ஆகியிருக்கும். வித்தியாசம் ஒன்றே முக்கால் லட்சம். கொள்கைக்குக் கொடுக்கும் விலை இது என்று தெரிந்தே கொடுத்தால் மனசு பின்னால் குறுகுறுக்காது. ஆனால் எனக்குப் பெரிய கவலை அது இல்லை. ரூபாயாகச் சேர்த்து ரியாலாகச் செலவு செய்கிறோமே, அந்த இடைவெளிதான். நான்கு வழிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

வங்கிச் சேமிப்புக் கணக்கு

பெரிய வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு இப்போது தருவது இரண்டரை சதவீதம் அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும். அந்தத் தொகையை வங்கியிலேயே விட்டுவிடாமல் எடுத்து, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அதை ஜகாத்தாக (கடமையான தானமாக) கணக்குக் காட்ட முடியாது. நோட்டில் தனியாக எழுதி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுக்கிறவர்களும் உண்டு. கொடுத்துவிட்டாலும் வருமான வரிக் கணக்கில் அது உங்கள் வருமானம்தான், அதையும் மறக்க வேண்டாம். வட்டியே வராத நடப்புக் கணக்கு தொடங்கலாம், ஆனால் அதில் குறைந்தபட்ச இருப்பு பெரிதாக வைக்கச் சொல்வார்கள். சின்னச் சேமிப்புக்கு ஒத்துவராது.

வங்கியின் பெரிய பலம், பணம் காணாமல் போகாது என்பது. ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது (2020-க்கு முன்னால் ஒரு லட்சம்தான்). ஹஜ் கமிட்டிக் குலுக்கலில் பெயர் வந்துவிட்டால் முதல் தவணை ஒன்றரை லட்சம் அளவில் சில வாரங்களுக்குள் கட்ட வேண்டியிருக்கும். அன்றைக்குக் கை நீட்டினால் கிடைப்பது வங்கிப் பணம்தான். பலவீனம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வட்டியைக் கொடுத்துவிட்டால் பணம் வளரவே வளராது, ரியால் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

'இஸ்லாமிய வங்கி ஒன்று இருந்தால்' என்று பெருமூச்சு விடுவது நம் பழக்கம். ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-லேயே வட்டியில்லா வங்கிச் சேவைக்குப் பரிந்துரை செய்தது. பேச்சு ஒன்பது வருடம் நடந்து, 2017-ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. இன்றைய நிலையில் அது நம் பட்டியலில் இல்லை.

தங்கம்

உம்மாக்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. தங்கம் உலகச் சந்தையில் டாலரில் விலை பேசப்படுகிற பொருள். ரூபாய் சரிந்தால் இங்கே தங்கம் தானாக ஏறும். நம் செலவு ரியாலில், ரியால் டாலரோடு கட்டப்பட்டது. அப்படியானால் ஹஜ் செலவும் தங்கமும் ஏறக்குறைய ஒரே திசையில் நகரும். வேறு எந்தச் சேமிப்புக்கும் இந்தப் பொருத்தம் கிடையாது. தங்கத்தை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் இதுதான், அது சமீபத்தில் ஏறிய ஏற்றம் அல்ல. 2025 தொடக்கத்தில் ஐம்பத்தேழாயிரம் சொச்சமாக இருந்த சவரன், அதே வருடம் அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. அதைப் பார்த்து இனி எல்லா வருடமும் இப்படி என்று நினைத்தால் மோசம் போவோம். 2012-ல் இருபத்துநாலாயிரத்தைத் தொட்ட சவரன் 2015-ல் இருபதாயிரத்துக்கும் கீழே கிடந்தது. அந்த இடைவெளியில் ஹஜ்ஜுக்குப் போக வேண்டியிருந்தவர் நஷ்டத்துக்குத்தான் விற்றிருப்பார்.

சரி, தங்கம் என்றால் எந்த வடிவில்? இங்கேதான் பணம் வீணாகிறது.

நகையாக வாங்குவது சேமிப்பே இல்லை. பத்து சதவீதம் சேதாரம் போடுகிற எட்டு கிராம் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். 8.8 கிராமுக்கு விலை, அதன் மேல் மூன்று சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஒன்பது கிராமுக்கு மேல் காசு கொடுத்து எட்டு கிராம் வாங்குகிறோம். விற்கப் போகும்போது எட்டு கிராமுக்குத்தான் விலை, அதிலும் கடைக்காரர் கழிப்பது தனி. தங்க விலை பதின்மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகுதான் நாம் போட்ட இடத்துக்கே வருகிறோம். போட்டு அழகு பார்க்க வேண்டுமென்றால் வாங்குங்கள், அதில் தப்பில்லை. ஹஜ்ஜின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள்.

நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் ஏன் எப்போதும் பதினொரு மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கு முடிக்காவிட்டால் அது 'டெபாசிட்' ஆகிவிடும் என்று 2014-ன் கம்பெனி விதிகள் சொல்கின்றன. அதற்குள் முடிக்கத்தான் பதினொன்று. இந்தத் திட்டங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பணமாகச் சேர்ந்து, கடைசி நாள் விலைக்கு நகை வாங்கலாம். மற்றதில் ஒவ்வொரு மாதமும் அன்றைய விலைக்கு இத்தனை கிராம் என்று வரவு வைப்பார்கள், தங்கம் கைக்கு வருவது முடிவில். தங்கத்தைப் பணத்துக்கு மாற்றும்போது கைக்குக் கை கொடுத்து வாங்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம் என்பதால், இரண்டாவது வகையைப் பல ஆலிம்கள் ஏற்பதில்லை. முதல் வகையில் கடைசியில் தருகிற 'ஒரு மாத போனஸ்' தள்ளுபடியா, முன்பணத்துக்குத் தரும் வட்டியா என்பதிலும் பேச்சு இருக்கிறது. இந்தச் சிக்கல் எல்லாம் தீர்ந்தாலும் கையில் வருவது நகை. சேதாரக் கதை மறுபடியும் தொடங்கும்.

மிச்சம் நாணயமும் தங்க இ.டி.எஃப்.-உம் (பங்குச் சந்தையில் பங்கைப்போல் வாங்கி விற்கும் தங்க நிதி). நாணயத்தில் செய்கூலி குறைவு, மூன்று சதவீத ஜி.எஸ்.டி. தவிர்க்க முடியாது, பூட்டி வைக்க இடம் வேண்டும். இ.டி.எஃப். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் கீழ் இருக்கிறது, பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு வேண்டும், சின்னத் தொகைக்கும் வாங்கலாம், விற்ற பணம் ஓரிரு நாளில் வங்கிக்கு வந்துவிடும். இ.டி.எஃப். பற்றி ஆலிம்களிடையே ஒரே கருத்து இல்லை. காகிதத்துக்குப் பின்னால் உண்மையான தங்கம் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி, நீங்களும் அதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். செல்போன் செயலிகளில் பத்து ரூபாய்க்கு விற்கப்படும் 'டிஜிட்டல் கோல்டு' வேறு. அது தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை என்று செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. அரசின் தங்கப் பத்திரத்தில் வருடம் இரண்டரை சதவீத வட்டி சேர்ந்தே வரும், புது வெளியீடும் 2024-ன் தொடக்கத்தோடு நின்றுவிட்டது.

ஜகாத்தும் இங்கே குறுக்கிடும், மத்ஹபுக்கு (மார்க்கச் சட்டப் பிரிவுக்கு) மத்ஹப் அதன் விதி மாறும். கடலோரத்து ஷாஃபி குடும்பங்களில், பெண்கள் அணிகிற அளவான நகைக்கு ஜகாத் இல்லை. உள்நாட்டு ராவுத்தர், தக்னி ஹனஃபி குடும்பங்களில் அணிந்தாலும் உண்டு. அதை வைத்து 'நாங்க ஷாஃபி, தங்கத்துக்கு ஜகாத் கிடையாது' என்று சிலர் நாணயத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சேமிப்பாக வைத்திருக்கும் தங்கத்துக்கு, நிஸாபை (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை) எட்டினால், இரண்டு மத்ஹபிலும் ஜகாத் உண்டு.

சீட்டு

ஏலச் சீட்டில் நடப்பது என்ன? இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். அவசரக்காரர் ஒருவர் இருபதாயிரம் தள்ளி எண்பதாயிரத்துக்கு எடுக்கிறார். நடத்துபவருக்கு ஐயாயிரம் கமிஷன், மீதிப் பதினைந்தாயிரம் இருபது பேருக்கும் கழிவாக 750. அந்த மாதம் எல்லோரும் 4,250 கட்டினால் போதும். முன்னால் எடுத்தவர் வாங்கியதைவிட அதிகம் கட்டுகிறார், கடைசிவரை காத்திருந்தவர் கட்டியதைவிட அதிகம் வாங்குகிறார். காலத்துக்காகக் கூடுகிற பணம் என்று பார்த்து இதை வட்டியாகவே கருதும் ஆலிம்கள் பலர். பதிவு பெற்ற நிறுவனம் 1982-ன் சீட்டு நிதிச் சட்டப்படி நடத்தினாலும் (2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் ஏழு சதவீதம் வரை போகலாம்) இந்த அடிப்படை மாறாது.

தள்ளு இல்லாத குலுக்கல் சீட்டு வேறு ரகம். மாதாமாதம் சீட்டு எழுதிக் குலுக்கி, பெயர் வந்தவருக்கு முழுத் தொகை. யாரும் கூடுதலாகக் கட்டுவதில்லை, யாருக்கும் கூடுதலாக வருவதில்லை. பணம் வளராது. ஆனால் ஒரு விஷயத்தில் இதற்கு ஈடு கிடையாது: ஐந்தாம் தேதி சீட்டு நடத்தும் ராத்தா (அக்கா) வாசலில் வந்து நிற்பார் என்ற பயம். வங்கிக் கணக்கில் போடாமல் விட்டால் கேட்க ஆளில்லை, சீட்டில் தவறினால் தெருவுக்கே தெரியும். கையில் காசு தங்காதவர்களுக்கு முதல் இரண்டு வருடப் பழக்கத்துக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். எல்லாம் நம்பிக்கையில் ஓடுவதால், ஒருவர் எடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போனால் மற்றவர்கள் கதி அதோகதிதான். அதனால் ஆள் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது, எல்லோரும் முகம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், சீட்டு ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும். ஏழு வருடச் சேமிப்பையும் சீட்டிலேயே ஓட்டுவது வேண்டாம்.

ஷரியா பங்கு நிதி

டாடா எத்திகல் ஃபண்ட், 2009-ல் வந்த டாரஸ் எத்திகல் ஃபண்ட், பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் 'நிஃப்டி 50 ஷரியா' வகையைப் பின்பற்றும் நிப்பான் இந்தியாவின் ஷரியா பீஸ் என்ற இ.டி.எஃப்., 2024 கடைசியில் வந்த குவாண்டம் எத்திகல் ஃபண்ட் என்று நம் நாட்டில் கைவிரலுக்குள் அடங்கும் எண்ணிக்கைதான். ஸ்டேட் வங்கியின் நிதி நிறுவனம் 2014-ல் ஒன்றைத் தொடங்கப்போய், வெளியீட்டு நேரத்தில் தள்ளிவைத்துவிட்டது.

வேலை செய்யும் முறை எளிது. வங்கி, இன்சூரன்ஸ், மது, சூதாட்டம், பன்றி இறைச்சி சம்பந்தப்பட்ட கம்பெனிகள் வெளியே. மிஞ்சியவற்றிலும் அளவுக்கு மேல் கடன் வாங்கியவை, வட்டி வருமானம் அதிகம் உள்ளவை வெளியே. மீதியிருப்பதில் ஐ.டி., மருந்து, சோப்பு, பிஸ்கட் விற்கும் கம்பெனிகள் நிறைய. இதனால் ஒரு விளைவு உண்டு. நிஃப்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதித் துறை. அந்தத் துறை ஏறுகிற வருடங்களில் நம் நிதி பின்தங்கி நிற்கும், ஐ.டி. ஏறினால் முந்தும். பக்கத்து வீட்டுக்காரரின் எஸ்.ஐ.பி.யோடு (மாதத் தவணை முதலீட்டோடு) ஒப்பிட்டு மனம் வெதும்ப வேண்டாம். வட்டி வருமானம் சிறிதளவு கலந்திருக்கும் என்பதால், அந்தப் பங்கைக் கணக்கிட்டுத் தானமாகக் கொடுத்துச் சுத்தப்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள்.

வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுத்திருக்கிறான் இறைவன் என்கிறது குர்ஆன் (2:275). லாப நஷ்டத்தில் பங்கு எடுப்பதால் பங்குச் சந்தை வியாபாரத்தின் பக்கம் நிற்கிறது. ஆனால் நஷ்டம் என்ற வார்த்தையைப் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். 2020 ஜனவரியில் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச்சில் எட்டாயிரத்துக்குக் கீழே வந்தது. அந்த வருடம் கொரோனாவால் வெளிநாட்டு ஹாஜிகளையே சவூதி அனுமதிக்கவில்லை, பணத்தை எடுக்கத் தேவையும் வரவில்லை. மறுபடி சரிவு வரும்போது ஹஜ்ஜும் சேர்ந்து நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஐந்து வருடத்துக்குள் ஹஜ்ஜுக்குப் போக நினைப்பவர் இங்கே தொடங்கவே கூடாது. அதற்கு மேல் காலம் இருந்தால், மற்ற மூன்று வழிகளும் தராத வளர்ச்சி இதில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

ஐந்தாவதாக வீடு தேடி வரும் 'ஹலால் முதலீடு'

தாடியும் தொப்பியுமாக ஒருவர் வருவார். 'வட்டி இல்லை, வியாபார லாபம்' என்பார், மாதம் இரண்டரை, மூன்று சதவீதம் என்பார். பெங்களூருவில் இப்படிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் போலீசில் புகார் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஹஜ்ஜுக்கென்று, மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்தவர்கள் அவர்கள். இங்கே முதலீட்டு அறிவுகூடத் தேவையில்லை, மார்க்கமே பதில் சொல்லிவிடுகிறது. மாதம் தவறாமல் ஒரே அளவு லாபம் என்று முன்கூட்டியே உறுதி சொன்னால் அது வியாபாரமே இல்லை. செபி பதிவு எண்ணோ ரிசர்வ் வங்கி அனுமதியோ காட்ட முடியாதவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

மலேசியாவில் எப்படி?

பினாங்கில் சொந்தக்காரர் இருப்பவர்கள் தாபுங் ஹாஜி பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஹஜ்ஜுக்காகக் கிராமத்து மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து தவிப்பதைப் பார்த்த பொருளாதார அறிஞர் உங்கு அசீஸ், 1959-ல் ஒரு சேமிப்பு நிறுவனத்துக்கு யோசனை எழுதிக் கொடுத்தார். 1963-ல் அது தொடங்கியது. மக்கள் சிறுகச் சிறுகப் போடும் பணத்தை நிறுவனம் தொழில்களில் முதலீடு செய்து, ஜகாத்தைக் கழித்துக்கொண்டு, வருடாவருடம் லாபப் பங்கு தரும். சேமிப்பும் பயண ஏற்பாடும் ஒரே கூரையின் கீழ். அதுவும் ஆட்டம் காணாமல் இல்லை. 2017-க்கு ஆறு சதவீதத்துக்கு மேல் கிடைத்த லாபப் பங்கு, சீரமைப்பு நடந்த 2018-க்கு 1.25 சதவீதமாக இறங்கியது. மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் என்பதால் நமக்கு அது வழியில்லை. ஆனாலும் அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஹஜ் பணத்துக்கென்று தனிக் கணக்கு, அதில் வேறெதுவும் கலக்காமல்.

என் பங்கீடு

ஹஜ்ஜுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது, மாதம் எட்டாயிரம் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: நாலாயிரம் தங்கத்துக்கு (நாணயமோ இ.டி.எஃப்.போ), இரண்டாயிரத்து ஐந்நூறு ஷரியா நிதிக்கு, ஆயிரத்து ஐந்நூறு தனி வங்கிக் கணக்குக்கு. நான்கு வருடம் முடிந்ததும் நிதியில் புதிதாகப் போடுவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தையும் வங்கிக்குத் திருப்புவேன். ஐந்தாவது, ஆறாவது வருடங்களில் சந்தை நன்றாக இருக்கும் மாதங்களாகப் பார்த்து நிதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடுவேன். விண்ணப்பம் போடும்போது முதல் தவணைக்கு வேண்டியது முழுக்க வங்கியில் இருக்க வேண்டும், தங்கம் பின் தவணைகளுக்கு.

மூன்று வருடத்துக்குள் போக வேண்டுமென்றால் இந்தக் கலவையே வேண்டாம். வங்கியும் கொஞ்சம் தங்கமும் போதும். வீட்டில் அறுபதைத் தாண்டிய பெற்றோரை அனுப்புவதற்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் சந்தைப் பக்கமே போகாதீர்கள். அவர்கள் உடம்பில் தெம்பு இருக்கும்போது போக வேண்டும். ஹஜ் கமிட்டியில் மூத்தவர்களுக்குத் தனி முன்னுரிமையும் உண்டு, வயது வரம்பும் விதியும் அவ்வப்போது மாறும் என்பதால் அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதச் சம்பளக்காரர்கள் சம்பளம் விழும் மறுநாளே பணம் தானாகப் பிரிந்து போகும்படி வங்கியில் சொல்லிவைக்கலாம். கடை வைத்திருப்பவருக்கு, மீன் ஏலத்துக்குப் போகிறவருக்கு, பீடி சுற்றும் வீட்டுக்கு அது நடக்காது. அவர்கள் தொகையை விட்டுவிட்டு வீதத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. அன்றைக்குக் கையில் வந்த லாபத்தில் பத்தில் ஒரு பங்கு தனிப் பைக்கு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிற வழியில் அது வங்கிக்கு. மழைக்காலத்தில் பத்து ரூபாய் விழுந்தாலும் பரவாயில்லை, பழக்கம் அறுந்துபோகாது.

ஜகாத்தை மறந்து கணக்குப் போட வேண்டாம்

ஹஜ்ஜுக்கென்று நிய்யத் வைத்துச் சேர்த்த பணத்துக்கும் ஜகாத் உண்டு. நிஸாப் அளவாகச் சுமார் 11 பவுன் தங்கத்தையோ 612 கிராம் வெள்ளியையோ சொல்வார்கள். அதை எட்டி ஒரு சந்திர வருடம் கடந்தால் இரண்டரை சதவீதம். வெள்ளி நிஸாப்படி பார்த்தால், மேலே சொன்ன ஏழு வருடச் சேமிப்பில் எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்திலிருந்து அறுபத்தைந்தாயிரம் வரை ஜகாத்தாகவே போகும். அதைச் சேமிப்பிலிருந்து எடுத்தால் இலக்கு ஏழெட்டு மாதம் தள்ளிப்போகும், வீட்டுச் செலவிலிருந்து எடுத்தால் ரமலானில் கை இறுகும். எதுவாக இருந்தாலும் முதல் நாளே எழுதி வையுங்கள். அநாதைகளின் சொத்தை ஜகாத் தின்று தீர்க்காதபடி அதை வியாபாரத்தில் போடுங்கள் என்று உமர் (ரலி) சொன்னதாக ஓர் அறிவிப்பு உண்டு. முழுப் பணத்தையும் வளராத கணக்கில் ஏழு வருடம் போட்டு வைக்க நான் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஒரு காகித வேலை. ஹஜ் கடமையான நிலையில் போகாமல் ஒருவர் இறந்துவிட்டால், ஷாஃபி மத்ஹபில் சொத்தைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே அவருக்கான பதலி ஹஜ்ஜுக்கு (அவர் சார்பாக இன்னொருவர் செய்யும் ஹஜ்ஜுக்கு) ஆகும் செலவை ஒதுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவர் வஸிய்யத் (மரண சாசனம்) செய்திருந்தால்தான், அதுவும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள். ஆகவே வங்கி, டீமேட், நிதி மூன்றிலும் நாமினி பெயரைக் கொடுத்துவிட்டு, எந்தப் பணம் ஹஜ்ஜுக்கு உரியது, நாணயம் எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வீட்டில் இன்னொருவருக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.